நாக்கடியில் ஒரு கல் உப்பு

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது தங்கச்சி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒரு வருஷமாக உட்கார்ந்து நாலு வார்த்தை தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். உள்ளே ரத்தம் சுத்தம் பண்ணுகிற மிசினைப் பார்க்கிற பெண், ஜெனிட்டா என்று பெயர், அவள் போன மாதம்கூட என்னைச் சத்தம் போட்டாள். "புதுசா வாறவங்ககிட்ட நீங்க டாக்டர் வேல பாக்காதீங்கம்மா. ஆளுக்கு ஆள் அளவு மாறும்." அவள் சொன்னதும் சரிதான். கயத்தாற்றிலிருந்து வருகிற ஒரு அம்மாவிடம் ஒரு நாளைக்கு மூன்று டம்ளர்தான் தண்ணீர் என்று சொல்லிவைத்தேன். அவர்கள் வீட்டு டம்ளர் சொம்பு மாதிரி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அதனால் நான் சொல்வதை மருந்தாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு எவ்வளவு என்று உள்ளே கேட்டுக்கொள்ளுங்கள். இது என் வீட்டில் நடந்தது. உங்களவரைப் படுக்கவைத்து அரை மணி நேரம்தான் ஆகிறது, இன்னும் மூன்றரை மணி நேரம் கிடக்கிறது. வந்ததிலிருந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்தால் சீக்கிரம் முடியாது. நானும் பார்த்துப் பார்த்து விட்டவள்தான்.

என் வீட்டுக்காரர் பெயர் செந்தூர்பாண்டி. ஜன்னல் ஓரத்துக் கட்டில். இருபத்தாறு வருஷம் உப்பளத்தில் வேலை. நானும் அளத்துக்குப் போனவள்தான். அவர் பாத்தியில் இறங்கி உப்பை வாருவார், நான் பெட்டியில் சுமந்து கரையில் தட்டுவேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவருக்கு நான், எனக்கு அவர்.

அளத்து வேலை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. மேலேயும் வெயில், கீழேயும் வெயில். உப்பு பூத்துக் கிடக்கும்போது கண்ணைத் திறக்க முடியாது. கொண்டுபோன தண்ணீர் ஒன்பது மணிக்கே வெந்நீர். தீர்ந்தால் ஷெட்டுக்கு நடக்க வேண்டும். போய்வருவதற்குள் கங்காணி பத்துத் தடவை கூப்பிட்டிருப்பார். பொம்பளைகள் நாங்கள் குடிக்கவே மாட்டோம். குடித்தால் ஒதுங்க இடம் வேண்டாமா? கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. ஆம்பளைகளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, ஆனாலும் அவர் குடிக்க மாட்டார். மத்தியானம் வீட்டுக்கு வந்துதான் இரண்டு செம்பு ஒரே மூச்சில் குடிப்பார்.

அதுவரைக்கும் என்ன செய்வார் தெரியுமா? ஒரு கல் உப்பை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்வார். எச்சில் ஊறும். தாகம் கொஞ்சம் தள்ளி நிற்கும். வேர்த்துக் கொட்டுகிற உடம்பு, மயக்கமும் வராது. எங்கள் அளத்தில் எல்லோரும் அப்படித்தான். நானும்தான். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. கையெட்டுகிற இடத்தில் கிடக்கிறது, எடுத்து வைத்துக்கொள்வோம்.

போன வருஷம் கால் வீங்கியது. பிறகு முகம் வீங்கியது. ரத்தம் பார்த்த டாக்டர் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார். "இத்தன வருஷம் வெயில்ல நின்னு தண்ணி குடிக்காம இருந்திருக்காரு. உடம்பு வலிக்கு மாத்திரையா முழுங்கியிருக்காரு. அதுவும் காரணமா இருக்கலாம்" என்றார். சரி, இனிமேல் நிறையக் குடிக்கச் சொல்கிறேன் ஐயா என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இனிமே குடிக்கக் கூடாதும்மா. குடிச்ச தண்ணி வெளிய போறதுக்கு வழி இல்ல" என்றார்.

அன்றைக்குக் குடிக்காதது தப்பு. இன்றைக்குக் குடித்தால் தப்பு. இந்த நியாயத்தை நான் யாரிடம் போய்க் கேட்பது?

ஜெனிட்டா ஒரு பாட்டிலைக் கொடுத்து, அதில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டாள். எழுநூறு மில்லி. காலையில் அதுவரைக்கும் ஊற்றிவைத்துவிட வேண்டும். மாத்திரை போடுவது, காப்பி, எல்லாம் அதற்குள்தான். எங்கள் டம்ளருக்கு மூன்று வரும். நான் அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு சொட்டு ஊற்றினேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் முதல் மாதம் எடை ஏறிக்கொண்டே வந்தது. வந்ததும் எடை போடுவார்கள் இல்லையா, அதுதான் இங்கே பரீட்சை. ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் இரண்டு கிலோவுக்குள் ஏறலாம் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் மூன்றரை ஏறி வருவார். ஏறுவது சதையா? இல்லை, தண்ணீர்.

"ரசம் ஊத்துதீங்களாம்மா?" என்று ஜெனிட்டா கேட்டாள்.

"ஊத்துதேன். ரெண்டு கரண்டி."

"மோரு?"

"அது இல்லாம சோறு எப்படி இறங்கும்?"

"அதெல்லாம் தண்ணி இல்லாம பின்ன என்ன?"

எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ரசம் தண்ணீர் என்று யாராவது நினைப்பார்களா? சரி, ரசத்தை நிறுத்தினேன். மோரை நிறுத்தினேன். குழம்பைக் கெட்டியாக வற்றவைத்தேன். வாய் செத்துப்போகக் கூடாதே என்று வற்றலும் மோர் மிளகாயும் வறுத்து வைத்தேன். கருவாடு சுட்டு வைத்தேன். எல்லாம் உலர்ந்த சாமான்தானே, ஒரு சொட்டு ஈரம் கிடையாது. அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லையே.

அவர் தண்ணீர் கேட்க ஆரம்பித்தார். முதலில் மாத்திரை போடும்போது கேட்டார். பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போது கேட்டார். பிறகு என்னைப் பார்த்தாலே கேட்டார். "ஏளா சந்தனம், ஒரு மடக்கு. ஒரே ஒரு மடக்கு தாளா." ஒரு நாளைக்கு இருபது தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு தடவை கூப்பிட்டதில்லை.

நான் தரவில்லை. தரக் கூடாதே. பானையை எடுத்து அடுத்த வீட்டில் வைத்தேன். குழாய்க் கைப்பிடியைக் கழற்றி என் முந்தானையில் முடிந்துகொண்டேன். கக்கூஸுக்குப் போனால் அளந்து ஒரு குவளை தண்ணீர்தான் வைப்பேன், கதவுக்கு வெளியே நிற்பேன். "உள்ள என்ன சத்தம்?" என்று கேட்பேன். "என்னத்தளா செய்வாங்க உள்ள?" என்பார். சிரிக்காதீர்கள், நானும் அன்றைக்குச் சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை. பல் தேய்த்துக் கொப்புளிக்கிறவர் கொப்புளித்துக்கொண்டே நிற்பார். துப்புகிற தண்ணீரை நான் பார்ப்பேன், வாயில் எடுத்த அளவு இருக்கிறதா என்று. ஒரு நாள் ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். பார்த்தால் துண்டின் ஒரு முனை வாய்க்குள் இருக்கிறது.

அவருக்கு ஒரு தங்கச்சி, இசக்கியம்மாள். இரண்டு தெரு தள்ளி வீடு. கைம்பெண். பெண்கள் விடுதி ஒன்றில் சமையல் வேலை. அவள் புருஷனுக்குப் பிரஷர் இருந்ததால் அவள் வீட்டில் உப்பே கிடையாது. அவன் போய் எட்டு வருஷமாகியும் அவள் அப்படியேதான் சமைக்கிறாள். அவள் வீட்டுச் சோறு வைக்கோல் மாதிரி இருக்கும். நான் அங்கே கை நனைப்பதே இல்லை.

அவள் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "மைனி, அண்ணன் நாக்கு வெடிச்சுக் கெடக்கு. நாயிக்குக்கூட வாசல்ல தண்ணி வைக்காங்க" என்றாள்.

"உன் அண்ணனைக் கொல்லணும்னா நீ குடு" என்றேன்.

"நான் குடுக்கச் சொல்லல. கருவாட்டையும் மோர் மிளகாயையும் போட்டுட்டு தண்ணி குடுக்காட்டா எப்படின்னு கேக்கேன்."

"எனக்குச் சமைக்கச் சொல்லித்தர வந்துட்டியாக்கும். நீ சமைக்கத உன் விடுதிப் பிள்ளைங்களே குப்பையில கொட்டுதாம்" என்றேன்.

அவள் போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

பிறகு சித்திரை பிறந்தது. கத்திரி வெயில். அவர் தண்ணீர் கேட்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கெஞ்சினார், திட்டினார், சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். எனக்கு அளத்து நினைவு வந்தது. சாக்கில் உப்பு கிடக்கிறது, எங்கள் வீட்டில் உப்புக்கு எப்போது பஞ்சம்? ஒரு கல் எடுத்து, "வாயத் தொறங்க" என்று நாக்குக்கு அடியில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். எச்சில் ஊறியது. ஒரு கால் மணி நேரம் பேசாமல் இருந்தார்.

அப்பாடா என்று இருந்தது தங்கச்சி. தண்ணீரும் கொடுக்கவில்லை, தாகத்தையும் அடக்கிவிட்டேன். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா எனக்கு? டாக்டருக்கும் தெரியாத வழி இது, அளத்துக்காரிக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கேட்டால் ஒரு கல். மறுபடி கேட்டால் இன்னொரு கல். மிசினில் படுத்து எழுந்து சோர்ந்து வருகிற அன்றைக்கு இரண்டாகவும் வைப்பேன். வேர்த்து மயங்கினால் உப்பு வைப்பதுதானே எங்கள் வழக்கம். உடம்பில் தெம்பு வரட்டும் என்று வைத்தேன்.

அவர் கேட்பது குறைந்ததா என்கிறீர்களா? இல்லை. கால் மணி நேரம் கழித்து முன்பைவிட அதிகமாகக் கேட்பார். வெயில் அப்படி என்று நினைத்தேன். நிஜமாகவே வெயில் அப்படித்தான் அடித்தது. அதை நீங்கள் மறுக்க முடியாது.

சனிக்கிழமை இங்கே வந்து போனோம். அடுத்தது செவ்வாய்க்கிழமை. நடுவில் இரண்டு முழு நாள். அந்த ஞாயிற்றுக்கிழமை இசக்கி இருக்கிற தெருக் கோயிலில் கொடைத் திருவிழா. அவர் பிடிவாதமாகப் போனார். அங்கே இசக்கி அவருக்கு அரை டம்ளர் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். கொடுத்ததை மறைக்கவும் இல்லை. "அர டம்ளர் குடுத்தேன் மைனி, உங்க கணக்குல கழிச்சுக்கிடுங்க" என்று அவளே சொல்லி அனுப்பினாள். நான் கழித்தேன். அன்று சாயங்காலம் பாட்டிலிலிருந்து அரை டம்ளரைச் செடிக்கு ஊற்றினேன், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

திங்கட்கிழமை காலையில் வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை என்றார். பழைய சோற்றைத் தண்ணீர் இல்லாமல் பிழிந்து வைத்து, நெத்திலிக் கருவாடு வறுத்துக் கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டார். எத்தனை கல் உப்பு வைத்தேன் என்று கேட்காதீர்கள். ஏழு எட்டு இருக்கும். மத்தியானம் நான் அடுத்த வீட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன். எனக்கும் தாகம் எடுக்கும் இல்லையா? ஐந்து நிமிஷம்தான். திரும்பி வந்து பார்த்தால், பின்னால் துணி ஊறப்போட்ட வாளி முன்னால் நாலு காலில் கிடக்கிறார். தலை வாளிக்குள் இருக்கிறது. சோப்புத் தண்ணீர்.

முடியைப் பிடித்து இழுத்தேன். முகமெல்லாம் நுரை. என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் உங்களுக்கு எப்படிச் சொல்ல?

ஒரு மணி நேரத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுத்தால் முடியவில்லை, உட்கார்ந்தால் முடியவில்லை. நெஞ்சுக்குள்ளே கொதிக்கிற பானை மாதிரி சத்தம் கேட்கிறது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தோம், வழியிலும் தெம்புக்கு ஒரு கல் வைத்தேன். நுரையீரலில் தண்ணீர் கட்டிவிட்டது என்று உடனே மிசினில் போட்டார்கள். இசக்கி ஓடி வந்தாள். சொந்தக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். இதோ இதே இடத்தில்தான் நின்றோம். எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் இசக்கியைக் கைநீட்டிச் சொன்னேன்.

"இவதான். இவ குடுத்த தண்ணிதான். நான் வேண்டாம் வேண்டாம்னு பொத்திப் பொத்தி வச்சிருந்தேன், கோயில்ல வச்சு ஊத்திவிட்டுட்டா."

"அர டம்ளர்தான் மைனி" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஜெனிட்டா கதவைத் திறந்து என்னை மட்டும் கூப்பிட்டாள். உள்ளே போனேன். அவள் கையுறை போட்ட கையை நீட்டினாள். உள்ளங்கையில் பாதி கரைந்த ஒரு கல்.

"மாஸ்க் போடும்போது வாய்க்குள்ள இருந்து எடுத்தேன். என்னம்மா இது? கல்கண்டா?"

"உப்பு" என்றேன்.

"உப்பா? யாரு வச்சது?"

"தாகத்துக்கு. அளத்துல வைப்போம்."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னாள். "அளத்துல வேர்வையோட உப்பு வெளிய போச்சு, வச்சீங்க. இப்ப இவருக்கு அந்த வேர்வையும் இல்ல, மூத்திரமும் இல்ல. உள்ள போன உப்பு எங்கம்மா போகும்? உள்ளயே நின்னுக்கிட்டு தண்ணி தண்ணின்னு கேக்கும். அவரு கேக்கல, உப்பு கேட்டிருக்கு. நீங்களே தாகத்த ஊட்டிவிட்டுட்டு தண்ணிய ஒளிச்சு வச்சிருக்கீங்க."

நான் கதவைப் பார்த்தேன். வெளியே கேட்டிருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் பிழைப்பாரா என்று அதற்கு அப்புறம்தான் நினைத்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பிழைத்துவிட்டார். நாலரை கிலோ தண்ணீர் எடுத்தார்கள். வெளியே வந்த எனக்கு வாய் வரவில்லை. இசக்கி அந்தத் தூண் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தாள். சொந்தக்காரர் ஒருத்தர் அவளைப் பார்த்து, "இனி உன் அண்ணன் வீட்டு வாசப்படி மிதிக்காத" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். பாருங்கள், சொல்லத்தான் நினைத்தேன். யாரோ காப்பி கொடுத்தார்கள், வாங்கிக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவரிடம் கேட்டேன். "உப்பு வச்சா தாகம் கூடுதுன்னு உங்களுக்குத் தெரியவே இல்லியா?"

"தெரிஞ்சுது" என்றார்.

"பெறகு ஏன் வாயத் தொறந்தீங்க?"

"வேற எதுவும் நீ தரலியேளா" என்றார்.

அவரும் தன் தங்கச்சி இசக்கியிடம் உண்மையைச் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றா, இல்லை அவருக்கும் வெட்கமா, தெரியாது. ஒரு மாதம் இசக்கி வரவில்லை.

கருவாட்டை நிறுத்தினேன். மோர் மிளகாயை நிறுத்தினேன். உப்புச் சாக்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். ஒரு சின்ன டப்பா மட்டும் எனக்கென்று வைத்துக்கொண்டேன். உப்பில்லாமல் சமைக்க உட்கார்ந்தேன். அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. முப்பது வருஷமாக உலை கொதித்தால் கை தானாக டப்பாவுக்குப் போகும். போட்டேனா, போடவில்லையா? நினைவில்லை. ருசி பார்த்தால் என் நாக்குக்குக் கொஞ்சம் உப்பு உப்பாகவே தெரியாது. ஒரு நாள் கூட்டு சாப்பிட்டுவிட்டு, "ஏளா, இன்னைக்கு நல்லாருக்கு" என்றார். நன்றாக இருக்கிறது என்றால் போட்டிருக்கிறேன். அடுத்த நாள் எடை மூன்று கிலோ ஏறியிருந்தது. என் கையை என்னாலேயே நம்ப முடியவில்லை. இன்னொரு தடவை அவருக்கு மூச்சு முட்டினால் இந்த இடத்தில் நான் யாரைக் கைநீட்டுவேன்?

அதனால் இசக்கி வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவள் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வெயிலில் நடந்து போயிருந்தேன். முழுசையும் குடித்தேன். குடித்து முடித்ததும் சொல்ல நினைத்தது எல்லாம் உள்ளேயே போய்விட்டது.

"கை வலிக்கு இசக்கி. ஒல வைக்க முடியல. உங்க அண்ணனுக்கு ரெண்டு வேளை பொங்கித் தருவியா?" என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். "என் கையால குடுத்த தண்ணிதான் ஆகாது. சோறு மட்டும் ஆகுமோ மைனி?" என்றாள்.

நான் செம்பைத் திருப்பி நீட்டினேன்.

"தூக்குச்சட்டியக் கொண்டாங்க" என்றாள்.

இப்போது ஆறு வாரமாக அவள் வீட்டுச் சோறுதான். காலையில் விடுதிக்குப் போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவருக்கு எடை ஒன்றரைக்கு மேல் ஏறுவதில்லை. பாட்டிலில் ஒரு டம்ளர் மிச்சம்கூட இருக்கிறது சில நாள். என்னைக் கூப்பிடுவதும் இல்லை. தண்ணீர் வேண்டாதபோது எதற்குக் கூப்பிடப்போகிறார்? நானும் அதே சோற்றைத்தான் சாப்பிடுகிறேன். இனிமேல் என்ன ஆனாலும் அது என் கையால் ஆனது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் இசக்கி கெட்டிக்காரி. தினமும் வாசலில் நின்று, "கை எப்படி இருக்கு மைனி?" என்று கேட்பாள். சொந்தக்காரர்களும் கேட்கிறார்கள். அதனால்தான் கையில் இந்தத் துணியைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, சுட்டுக்கொண்டீர்களா என்று கேட்கலாமா வேண்டாமா என்று. காலையில் எழுந்ததும் தைலம் தடவி, இறுக்கிச் சுற்றி, முடிச்சுப் போட்டுக்கொள்கிறேன். கைக்கு ஒன்றும் இல்லை.